தாய்ச்சி: அம்மாவோடு வகுப்பில் கற்றதும் ஆய்வுகளில் படித்ததும்

சீனாவில் பிறந்த, மெதுவான அசைவுகளைக் கொண்ட உடற்பயிற்சியான தாய்ச்சியின் நன்மைகள் என்று தேடிப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமின்மை, மறதி, மனச்சோர்வு, எதிர்ப்புச் சக்தி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இத்தனையையும் ஒரே பயிற்சி சரிசெய்யும் என்று சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். தரவுகளை அலசிப் பார்ப்பது என் வேலை. யாராவது 'இருபது சதவீதம் கூடியிருக்கிறது' என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு, எந்தக் காலத்துக்கு, யாரையெல்லாம் கணக்கில் விட்டுவிட்டு என்று கேட்டே பழகிய புத்தி. அம்மாவைத் தாய்ச்சி வகுப்புக்கு அழைத்துப் போக ஆரம்பித்ததும், அதே கேள்விகளோடு ஆய்வுக் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். அப்புறம் நானும் வகுப்பில் சேர்ந்துகொண்டேன். படித்ததும் உடம்பில் உணர்ந்ததும் எங்கே ஒத்துப்போயின, எங்கே ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வீட்டுக்குள்ளேயே, காய்ந்த தரையில், எதிலும் தடுக்காமல் ஒருநாள் விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடக்கும் விதமே மாறிப்போனது. அடி சின்னதானது. பார்வை எந்நேரமும் தரையில். கை தானாகச் சுவரைத் தேடும். வெளியே கூப்பிட்டால், "நீ போயிட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்பார். விழுந்ததால் வந்த காயத்தைவிட, மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் செய்யும் கெடுதல் பெரிது. பயந்து நடப்பதைக் குறைத்தால் கால் தசை மெலியும். தசை மெலிந்தால் தள்ளாட்டம் கூடும். தள்ளாடினால் பயம் இன்னும் கூடும். டாக்டர் மாத்திரைகளை ஒருமுறை சரிபார்த்தார், கண்ணைச் சோதிக்கச் சொன்னார், பேலன்ஸ் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். பிசியோ முடியும் நேரத்தில், "இத்தோட விட்டுடாதீங்க, தொடர்ந்து செய்ய ஏதாவது ஒண்ணு வேணும்" என்று சொல்லி, தாய்ச்சியைப் பரிந்துரைத்ததும் அந்த பிசியோதெரபிஸ்ட்தான்.

முதல் வகுப்பில் மாஸ்டர் ஒரு அசைவைக்கூடக் கற்றுத்தரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடம்பின் எடை முழுவதையும் மெதுவாக வலது காலுக்குக் கொண்டுபோக வேண்டும். இடது கால் காலியாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதைத் தரையிலிருந்து எடுக்கலாம். அப்புறம் அதையே மறுபக்கம். வகுப்பு முழுக்க இதேதான். "அம்மா, காலைத் தூக்குறதுக்கு முன்னாடி அந்தக் கால்ல எடை மிச்சம் இருக்கான்னு பாருங்க" என்று மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "நிக்கிறதுக்கும் ஒரு வகுப்பா?" என்று வரும் வழியில் கேட்டார்.

அதற்கான பதில் எனக்குக் கிடைத்தது, தாய்ச்சியைப் பற்றியே பேசாத ஒரு ஆய்வில். 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கனடாவில் இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, அங்கிருந்தவர்கள் விழுந்த 227 சம்பவங்களை வீடியோவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விழுபவர்கள் வழுக்கித்தான் விழுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். வழுக்கி விழுந்தது வெறும் 3 சதவீதம். தடுக்கியோ இடறியோ விழுந்தது 21 சதவீதம். எல்லாவற்றிலும் பெரிய காரணம், 41 சதவீதம், எடையைச் சரியாக மாற்றாதது. திரும்பும்போது, எட்டி எதையோ எடுக்கும்போது, நிற்கும் நிலையிலிருந்து நடக்க ஆரம்பிக்கும்போது, உடம்பு ஒரு பக்கம் போய்விடுகிறது, கால் இன்னொரு பக்கம் நின்றுவிடுகிறது. அம்மா காய்ந்த தரையில் எப்படி விழுந்தார் என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவரும் அன்று திரும்பிக்கொண்டுதான் இருந்தார்.

தாய்ச்சியில் எல்லா அசைவுகளுக்கும் அடியில் இருப்பது இந்த எடை மாற்றம்தான். மேகக் கைகள் என்று ஒரு அசைவு உண்டு. பார்ப்பவர் கண் கையில் நிற்கும், ஆனால் வேலை நடப்பது கீழே: எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகிறது, இடுப்பு திரும்புகிறது, காலியான கால் பக்கவாட்டில் வைக்கப்படுகிறது, மறுபடி எடை. இதை மெதுவாகச் செய்வதில் ஒரு காரியம் இருக்கிறது. சைக்கிளை வேகமாக மிதித்தால் அது தானே நிமிர்ந்து ஓடும். மெதுவாக ஓட்டினால்தான் பேலன்ஸ் யாரிடம் இருக்கிறது என்று தெரியும். மெதுவான தாய்ச்சியில் வேகத்தின் உதவி கிடைக்காது. முழங்கால் லேசாக மடங்கியிருப்பதால் தொடைத் தசை விடாமல் வேலை செய்கிறது, கணுக்கால் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த அசைவு என்ன என்று மனமும் கூடவே ஓடவேண்டும். மாத்திரை ஆய்வு மாதிரி இதில் 'மருந்து எது' என்று ஒன்றைத் தனியே பிரித்துக் காட்ட முடிவதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு அது தலைவலி. செய்பவருக்கு லாபம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கீழே விழுவதைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். தாய்ச்சி ஆய்வுகளில் மிக உறுதியான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1996இல் அட்லாண்டாவில், எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் வுல்ஃப் குழு 70 வயதைக் கடந்த 200 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குத் தாய்ச்சி, ஒரு குழுவுக்குக் கணினியோடு இணைந்த மேடையில் பேலன்ஸ் பயிற்சி, ஒரு குழுவுக்குப் பயிற்சி இல்லாமல் வெறும் கலந்துரையாடல். 15 வாரப் பயிற்சி. தாய்ச்சிக் குழுவில் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த எண் இல்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், நிற்கும்போது உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். இயந்திரத்தில் பயிற்சி எடுத்தவர்கள் அந்த இயந்திரத்தின் மேல் ஆடாமல் நின்றார்கள். தாய்ச்சி செய்தவர்களுக்கு ஆட்டம் குறையவே இல்லை. ஆனால் விழுவது குறைந்தது இவர்களுக்குத்தான், பயம் குறைந்ததும் இவர்களுக்குத்தான். ஆடாமல் நிற்பது ஒரு திறமை, ஆடினாலும் சமாளிப்பது வேறொரு திறமை போலிருக்கிறது. அம்மாவிடமும் இதைப் பார்த்தேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் இன்னும் ஆடத்தான் செய்கிறார். ஆனால் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முன்புபோல் உறைந்துபோவதில்லை. ஒரு கால் எடுத்து வைத்துத் திரும்புகிறார்.

அடுத்து ஃபூஜோங் லி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் இந்த ஆய்வாளர் தாய்ச்சியை விடாமல் பிடித்துக்கொண்டு வேலை செய்பவர். 2005இல் வந்த அவருடைய ஆய்வில் 70 முதல் 92 வயது வரை, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 256 பேர். ஆறு மாதம், வாரம் மூன்று நாள். நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட, பலமுறை விழும் அபாயம் 55 சதவீதம் குறைவு. 2018இல் இன்னும் பெரிதாக, ஏற்கெனவே விழுந்தவர்கள் அல்லது நடையில் தடுமாற்றம் உள்ளவர்கள் 670 பேரை எடுத்துக்கொண்டார். இதில் ஒப்பீடு சுவாரசியமானது. தாய்ச்சிக்கு எதிரே, வெறும் நீட்டி மடக்கும் குழுவோடு, பேலன்ஸ், நடை, தசை வலு எல்லாம் கலந்த முழுமையான உடற்பயிற்சிக் குழுவும் இருந்தது. 24 வாரம், வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணிநேரம். நீட்டி மடக்கும் குழுவோடு பார்த்தால் தாய்ச்சிக் குழுவில் விழுந்த எண்ணிக்கை 58 சதவீதம் குறைவு. கலவைப் பயிற்சிக் குழுவோடு பார்த்தால் 31 சதவீதம் குறைவு. ஒரே ஆய்வு, ஒரே தாய்ச்சி, இரண்டு எண்கள். விளம்பரத்தில் எந்த எண் வரும் என்று உங்களுக்கே தெரியும். எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

எல்லா ஆய்வும் இப்படியே சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடியிருக்கும். சொல்லவில்லை. 2003இல் அதே வுல்ஃப், தளர்ந்துபோன முதியவர்கள் 311 பேருக்கு 48 வாரம் தாய்ச்சி கொடுத்துப் பார்த்தார். விழுவது குறைந்த மாதிரி தெரிந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 2009இல் நெதர்லாந்தில் 269 பேரிடம், வாரம் இரண்டு வகுப்பு வீதம் 13 வாரம் நடத்திய ஆய்வில் பலனே தெரியவில்லை. 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, தாய்ச்சி விழும் வீதத்தை 19 சதவீதம் குறைக்கக்கூடும் என்று வந்தது. அதே தொகுப்பில் பேலன்ஸ் பயிற்சிகளுக்கு 24 சதவீதம், பல வகைப் பயிற்சிகளைச் சேர்த்துச் செய்தால் 34 சதவீதம். தாய்ச்சி பலன் தருகிறது. பலன் தருவது அது ஒன்றுதான் என்பது மட்டும் பொய். வகுப்பு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம் என்றுதான் இதைச் சொல்கிறேன். ஒரு காலில் நிற்பது, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடப்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, இவையும் அதே வேலையைச் செய்கின்றன.

ஓரிகனின் அந்த 2018 ஆய்வில் கற்றுக்கொடுத்தது எட்டே எட்டு அசைவுகளைக் கொண்ட ஒரு தொகுப்பு. சீனாவில் 1956இல் பொதுமக்களுக்காக எளிமைப்படுத்திய தொகுப்பிலேயே 24 அசைவுகள் உண்டு. பழைய தொகுப்புகளில் நூறைத் தாண்டும். எங்கள் வகுப்பிலும் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, 24ஐயும் எப்போது முடிப்போம் என்றுதான். மனப்பாடம் செய்யும் அவசரத்தில் எடை மாற்றம் காணாமல் போய்விடுகிறது. கை அழகாகப் போகும், கால் தொம் என்று தரையில் விழும். அம்மா ஐந்தாறு அசைவுக்கு மேல் போகவில்லை. போகவேண்டும் என்று நானும் வற்புறுத்துவதில்லை.

"சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறதுக்கு நீயும் வந்து நில்லேன்" என்று அம்மா கூப்பிட்டபோது எனக்குத் தயக்கம் இருந்தது, என் முழங்கால் விஷயம் அப்படி. மாடிப்படி இறங்கும்போது வலிக்கும். எக்ஸ்ரேயில் ஆரம்பக்கட்டத் தேய்மானம் என்றார்கள். முழங்காலை மடக்கி வைத்துச் செய்யும் பயிற்சி முழங்கால் வலிக்கு நல்லது என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

பாஸ்டனில் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த சென்சென் வாங் குழுவின் 2016 ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேர். ஒரு பாதிக்கு 12 வாரம் தாய்ச்சி, மறுபாதிக்கு முறையான பிசியோதெரபி. ஒப்பீடு 'ஒன்றும் செய்யாதவர்களோடு' இல்லை, நிரூபணமான சிகிச்சையோடு. அதனால்தான் இதை நான் மதிக்கிறேன். இரண்டு குழுவுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. தாய்ச்சிக் குழுவுக்கு மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. யார் கற்றுக்கொடுத்தார் என்பதைப் பொறுத்துப் பலன் மாறவுமில்லை. 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பும் ஆர்த்ரைடிஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய்ச்சியை 'வலுவாகப் பரிந்துரைக்கிறோம்' என்ற வகையில் வைத்திருக்கிறார்கள்.

சரி, என் முழங்கால்? முதல் சில வாரம் வலி கூடியது. அங்கேயே விட்டிருந்தால் 'தாய்ச்சி முழங்காலைக் கெடுக்கும்' என்று இன்று நான் எழுதிக்கொண்டிருப்பேன். மாஸ்டர் என் காலைப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்களைத் திருத்தினார். ஒன்று, நான் மிகவும் தாழ்ந்து உட்கார்ந்தேன். சினிமாவில் பார்ப்பதுபோல் தொடை தரைக்கு இணையாக இறங்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முழங்கால் பூட்டாமல் லேசாகத் தளர்ந்திருந்தால் போதும். இரண்டு, மடங்கும் முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது. அது கால் இரண்டாம் விரலின் திசையிலேயே போகவேண்டும், விரல் நுனியைத் தாண்டி முன்னால் தள்ளக்கூடாது. மூன்றாவதுதான் எனக்கு வலியைக் கொடுத்தது: எடை முழுக்க இருக்கும் காலை அப்படியே தரையில் திருகித் திரும்பினேன். பாதம் தரையோடு ஒட்டி நிற்க, மேலே உடம்பு திரும்ப, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். முதலில் எடையைப் பின்காலுக்கு இழுத்து, முன்பாதத்தைக் குதிகாலில் திருப்பி, அப்புறம் எடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்குச் செருப்பும் முக்கியம். தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டப் பயிற்சி ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும்; தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ளது தேவை. இவற்றைத் திருத்தியபின் வலி மெதுவாக இறங்கியது. இன்று படி இறங்கும்போது பெரும்பாலான நாட்களில் முழங்காலை நினைப்பதில்லை. தேய்மானம் மறைந்துவிட்டதா? இல்லை. எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவும் இல்லை.

பார்க்கின்சன் நோய் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் வகுப்பில் அந்த நோயோடு ஒருவர் வருகிறார். ஃபூஜோங் லி 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் 195 நோயாளிகள். தாய்ச்சி, எடை வைத்துச் செய்யும் வலுப் பயிற்சி, நீட்டி மடக்குதல் என மூன்று குழு. சாய்ந்து எட்டும் திறன், திசைக் கட்டுப்பாடு இரண்டிலும் தாய்ச்சி முன்னால் நின்றது. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் பலன் தங்கியிருந்தது. விழுவதில், நீட்டி மடக்கியவர்களைவிடத் தாய்ச்சிக் குழு குறைவாக விழுந்தது. வலுப் பயிற்சிக் குழுவோடு பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. இது லேசான, நடுத்தரக் கட்ட நோயாளிகளுக்கான முடிவு. நரம்பியல் மருத்துவரின் சம்மதத்தோடு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து வகுப்பை வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வகுப்புக்காரரும் அப்படித்தான் வருகிறார்.

பிரஷருக்கு 2024இல் நல்ல ஒரு ஆய்வு வந்தது. பெய்ஜிங்கில், பிரஷர் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேர், வாரம் நான்கு நாள், ஒரு வருடம். மேல் அளவு தாய்ச்சிக் குழுவில் சராசரியாக 7.01 புள்ளி இறங்கியது, வேக நடை, சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சிக் குழுவில் 4.61. வித்தியாசம் சிறியதுதான். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றியதும் அல்ல இது. வாரம் நான்கு மணிநேரம் என்பதையும் கவனியுங்கள்; வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு இந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வகுப்புக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். மாஸ்டர் அவரைத் திருப்பி டாக்டரிடம் அனுப்பினார்.

தூக்கம்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, தூக்கமில்லாமல் தவித்த 90 பெண்களிடம் லாஸ் ஏஞ்சல்ஸில் மைக்கேல் இர்வின் நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவர்கள் சொல்லும் மனநடத்தைச் சிகிச்சையோடு, அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையோடு, ஒப்பிட்டார்கள். 15 மாதம் கழித்து, அந்தச் சிகிச்சையில் பலன் கண்டவர்கள் 43.7 சதவீதம், தாய்ச்சியில் 46.7. இரண்டும் சமம் என்றுதான் இதைப் படிக்கவேண்டும். அம்மாவுக்குத் தூக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதயம் பலவீனமான 100 நோயாளிகளை வைத்து 2011இல் வந்த ஆய்வு எனக்குப் பிடித்தது, அது நேர்மையாகப் பாதி 'இல்லை' என்று சொல்வதால். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும் பிராணவாயு எடுக்கும் திறனும் கூடவில்லை. வாழ்க்கைத் தரமும் மனநிலையும், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் கூடின. இந்த இரண்டாவது வகைப் பலனில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. மாத்திரை ஆய்வில் யாருக்கு உண்மை மாத்திரை, யாருக்குப் போலி என்று மறைக்கலாம். தாய்ச்சி செய்கிறோமா இல்லையா என்பதைச் செய்பவரிடமிருந்து எப்படி மறைப்பது? நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்து வருபவர், கேள்வித்தாளில் நல்லது நடந்ததாகவே எழுதுவார். அதோடு வாரம் இரண்டு முறை பத்துப் பேரோடு சேர்ந்து பேசிச் சிரித்துவிட்டு வருவதும் மனசுக்கு மருந்துதான். ஆகவே வலி, மனநிலை, வாழ்க்கைத் தரம் பற்றிய எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கிறேன். எத்தனை முறை விழுந்தார், பிரஷர் எவ்வளவு என்ற எண்களை அதைவிட அதிகம் நம்புகிறேன். உடம்பு முழுக்க நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் பற்றி 2018இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த 226 பேர் ஆய்வில், ஏரோபிக் குழுவோடு நேராக மோதவிட்டே தாய்ச்சி சமமாகவோ மேலாகவோ வந்தது என்பது இந்தச் சந்தேகத்தை ஓரளவு தணிக்கிறது. 12 வாரத்தைவிட 24 வாரம் செய்தவர்களுக்கு அதிகப் பலன், ஆனால் வாரம் ஒரு நாளா இரண்டு நாளா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்று அதே ஆய்வு சொல்வதும் கவனிக்கத்தக்கது.

பாதுகாப்பு விஷயத்தில், ஆய்வுகளில் பதிவானவை பெரும்பாலும் தசைவலி, முழங்கால் வலி, முதுகுவலி போன்ற சிறு தொந்தரவுகள்தான். ஆனால் ஏராளமான ஆய்வுகள் பக்கவிளைவுகளை முறையாகக் குறித்துவைக்கவே இல்லை. ஆகவே 'ஒரு ஆபத்தும் இல்லை' என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுந்தால் தலைசுற்றுபவர்கள், எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள், அண்மையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே சேரவேண்டும்.

தாய்ச்சி மட்டும் போதுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. போதாது. அதன் உழைப்பு மிதமான நடை அளவுக்குத்தான். கை, தோள் தசைக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வயதானவர்கள் வாரம் மூன்று நாளாவது பேலன்ஸும் தசை வலுவும் சேர்ந்த பல வகைப் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. அம்மா வீட்டில் ரப்பர் பட்டையை இழுக்கிறார், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். முணுமுணுத்துக்கொண்டேதான்.

பலன் தெரிகிறதா என்று வீட்டிலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு குறி வையுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் குறி வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருப்பதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எடுத்துக்கொள்கிறது. ஆரம்பத்தில் அம்மா அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார், இப்போது அதற்குக் கீழே. இதில் எவ்வளவு தாய்ச்சி, எவ்வளவு பிசியோ, எவ்வளவு மாத்திரை மாற்றம் என்று என்னால் பிரிக்க முடியாது. ஒப்பிட இன்னொரு அம்மா என்னிடம் இல்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மாஸ்டரின் குருபரம்பரையை நான் விசாரிக்கவில்லை. ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்தேன். நாற்காலி போட்டிருக்கிறார்களா, முடியாதவர் பிடித்துக்கொள்ளலாமா, எல்லாரும் ஒரே உயரத்துக்கு இறங்கவேண்டும் என்று கட்டாயமா, மாஸ்டர் முன்னால் நின்று செய்துகாட்டுவதோடு நிறுத்துகிறாரா அல்லது சுற்றிவந்து ஒவ்வொருவர் காலையும் பார்க்கிறாரா என்பவைதான் நான் பார்த்தவை. 'சக்தி' ஓட்டம், நோய் தீர்க்கும் கதிர் என்று பேச்சு அதிகமாகவும் திருத்தம் குறைவாகவும் இருந்த ஒரு இடத்திலிருந்து அன்றே வந்துவிட்டோம். சேர்ந்தபின் குறைந்தது ஆறு மாதம் கொடுங்கள். நல்ல பலன் காட்டிய ஆய்வுகள் பலவும் அந்த அளவுக்காவது ஓடியவை.

பக்கத்தில் வகுப்பே இல்லாதவர்கள் வீடியோவில் கற்கலாமா? பதிவு செய்த வீடியோவை வைத்துத் தனியாக ஆரம்பிப்பதை, ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு நான் சொல்லமாட்டேன், திருத்த ஆள் இல்லை என்பதால். நேரலை வகுப்பு வேறு. 2023இல் மறதிப் பிரச்சினை உள்ள 318 முதியவர்களுக்கு ஃபூஜோங் லி குழு, வீடியோ அழைப்பு வழியாகவே வீட்டில் இருந்தபடி தாய்ச்சி நடத்தியது. அசைவுகளோடு மூளைக்கு வேலை கொடுக்கும் சவால்களையும் சேர்த்தவர்களுக்கு, சாதாரணத் தாய்ச்சியைவிட மூளைத்திறன் சோதனையில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. அம்மா வெளியே போகமுடியாத நாட்களில் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். தரைவிரிப்பைச் சுருட்டிவிட்டு, சுவரோடு ஒட்டிய ஒரு உறுதியான நாற்காலியைக் கைக்கெட்டும் தூரத்தில் போட்டு, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பிக்கிறோம். போனை முகத்துக்கு நேராக வைக்காமல் கீழே இறக்கி, இடுப்பிலிருந்து பாதம் வரை தெரியும்படி வைக்கச் சொன்னார் மாஸ்டர். அவர் திருத்துவது பெரும்பாலும் அங்கேதான்.